தெளியாத தலைசுற்றல்

எங்கள் வீட்டு மாடிப்படியில் சுவரை ஒட்டி ஒரு கயிறு ஓடுகிறது. கட்டைவிரல் பருமனுள்ள வெள்ளைக் கயிறு. நடுவில் நீல இழை ஒன்று பின்னிக்கொண்டு போகும். கீழ்ப்படியிலிருந்து மொட்டைமாடி வரை ஐந்து இடங்களில் சுவரில் இரும்பு வளையம் அடித்து, ஒவ்வொரு வளையத்திலும் முடிச்சுப் போட்டுக் கட்டியிருக்கிறார் என் கணவர். எவ்வளவு பாரம் இழுத்தாலும் நழுவாது. அவிழ்க்க நினைத்தால் விரலால் ஒரு தள்ளுத் தள்ளினால் போதும், அப்படியொரு முடிச்சு. தென்காசியில் மாடிப்படிக்கு ஸ்டீல் கம்பி வைப்பார்கள், மரத்தில் கைப்பிடி வைப்பார்கள். கயிறு கட்டிய வீடு எனக்குத் தெரிந்து எங்களுடையதுதான். வருகிறவர்கள் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "என்ன அண்ணாச்சி, கெணத்துக் கயித்த வீட்டுக்குள்ள கட்டி வச்சிருக்கிய?" என்று கேட்பார்கள். "அவளுக்குத் தலைசுத்தல் உண்டு. பிடிச்சுக்கிட்டு ஏறட்டுமேன்னு கட்டினேன்" என்பார். நான் தலையைக் குனிந்துகொண்டு காபி போட உள்ளே போய்விடுவேன். புருஷன் காட்டும் அக்கறையில் எனக்குக் கூச்சம் என்று அவர்கள் நினைத்திருக்கலாம். எனக்குத் தலைசுற்றல் கிடையாது. ஒரு காலத்தில் வந்தது, மூன்று வாரத்தில் போய்விட்டது. அந்தக் கயிறு இந்தச் சுவருக்கு வருவதற்கு முன்பே போய்விட்டது. அது அப்போது எனக்கும், வேறு ஊரிலிருந்த ஒரு டாக்டருக்கும் மட்டும்தான் தெரியும்.

அவர் கப்பல் இன்ஜினியர். இலத்தூரில் வயலும் தோப்புமாக இருந்த குடும்பம். வீட்டில் மற்ற எல்லாரும் குளக்கரையைத் தாண்டாதவர்கள். அவர் ஒருவர்தான் எப்படியோ கடலுக்குப் போனார். சரக்குக் கப்பல்களில் இருபத்தெட்டு வருஷம். எட்டு மாதம் போவார், இரண்டு மாதம் லீவில் வருவார். நான் இங்கே பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவர் ஓய்வு பெற்று வந்தபோது, கல்யாணமாகி அத்தனை வருஷம் ஆகியும் எங்களுக்குள் விருந்தாளிக்கும் வீட்டுக்காரிக்கும் இருக்கிற மாதிரியான ஒரு மரியாதைதான் இருந்தது. அவருக்குக் காபியில் எவ்வளவு சர்க்கரை வேண்டும் என்று ஒவ்வொரு லீவிலும் நான் முதல் நாள் கேட்பேன். இனி வயலைப் பார்த்துக்கொண்டு இருப்பார் என்று எல்லாரும் நினைத்திருந்தபோது, ஒருநாள் காலையில் இட்லியைப் பிட்டுக்கொண்டே சொன்னார்: "இத்தன வருஷம் கப்பல்ல இருந்தும் நான் கடலப் பாக்கவே இல்லட்டி. இன்ஜின் ரூமத்தான் பாத்தேன். ஒரு சின்னப் போட்டு வாங்கிக் காத்துலயே போகணும். நீயும் வரணும்." கொச்சியில் விற்பனைக்கு நின்ற இருபத்தெட்டு அடிப் பாய்மரப் படகு ஒன்றை அதற்குள் இரண்டு தடவை போய்ப் பார்த்துவிட்டார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

நான் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு போனேன். என் தங்கை தலையில் அடித்துக்கொண்டாள். "ஊர்ல இல்லாத கூத்தா இருக்கே. அத்தானுக்குத்தான் கிறுக்குன்னா உனக்குமாக்கா?" என்றாள். கிறுக்குத்தான். மழைக்காலம் முடிந்து கார்த்திகையில் கொச்சியை விட்டுக் கிளம்பினால், பங்குனி வரை கரையை ஒட்டி வடக்கே போவதும் திரும்புவதுமாக இருக்கும். விடியலில் கரையிலிருந்து கடலுக்கு வீசும் காற்றில் பாயை ஏற்றுவோம். மதியத்துக்கு மேல் காற்று திரும்பிக் கடலிலிருந்து வரும். வெயில் சாய்வதற்குள் ஏதாவது ஓர் ஆற்றின் முகத்துவாரத்தைப் பார்த்து நங்கூரம் போட்டுவிடுவோம். பேப்பூர், கண்ணூர்ப் பக்கம், மங்களூர் என்று ஒவ்வொரு துறையிலும் மீன்பிடிக்கிறவர்கள் எங்களை வந்து பார்ப்பார்கள். "ஈ ப்ராயத்தில் எந்தினா சேட்டா?" என்று கேட்பார்கள். இந்த வயதில் எதற்கு என்று கேட்கிறார்கள் என்பது அவர்கள் முகத்திலேயே தெரியும். இவர் சிரித்துக்கொண்டே என்னைக் காட்டுவார். "கேப்டன் அங்கன இருக்கா. அவளக் கேளுங்க."

முதல் வாரம் நான் வாந்தி எடுத்துக்கொண்டே இருந்தேன். எட்டாம் நாள் காலையில் பசித்தது. அதோடு சரி, பிறகு கடல் என்னை ஒன்றும் செய்யவில்லை. படகின் உள்ளே நாலு எட்டு வைத்தால் முடிந்துவிடும் இடத்தில் அடுப்பு, படுக்கை, சட்டிபானை, மழைச்சட்டை, வரைபடம் எல்லாம். அடுப்பு இரண்டு ஆணியில் ஊஞ்சல் மாதிரி தொங்கும். படகு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் குழம்பு சிந்தாது. கடல் வெக்கையில் இட்லி மாவு நாலு மணி நேரத்தில் பொங்கி மூடியைத் தள்ளும். குடிதண்ணீரை அளந்துதான் செலவழிக்க வேண்டும். துவைத்த துணி காய்ந்தாலும் உப்புப் பிசுபிசுப்புப் போகாது. இதையெல்லாம் குறை சொல்லிக்கொண்டேதான் செய்தேன். ஆனால் என் வாழ்க்கையிலேயே நான் அவ்வளவு பேசிய நாட்கள் வேறு கிடையாது. சுக்கான் கட்டையைப் பிடித்துக்கொண்டு நானும், கயிற்றைச் சுருட்டிக்கொண்டு அவரும், நாள் முழுக்கப் பேசிக்கொண்டே போவோம். என்ன பேசினோம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பெரிய இடைவெளியில் கிடந்த சின்னச் சின்னச் சங்கதிகள். காபியில் சர்க்கரை எவ்வளவு என்று நான் கேட்பது அங்கேதான் நின்றது. நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதை இப்போது எழுதும்போது எனக்கே கோபம் வருகிறது. வெறுத்த ஒன்றிலிருந்து தப்பிப்பதற்காகப் பொய் சொன்னேன் என்றாலாவது ஒரு நியாயம் இருந்திருக்கும்.

இரண்டாவது வருஷம் தை மாதத்தில் ஒரு காலை. கண்ணூரைத் தாண்டி வடக்கே போய்க்கொண்டிருந்தோம். நல்ல வெளிச்சம், காற்றும் நல்ல காற்று. முன்பாயை இழுக்கும் கயிறு எங்கோ சிக்கிக்கொண்டது. நான் சுக்கானில் இருந்தேன். அவர் முன்பக்கம் போனார். இடுப்பு பெல்ட்டிலிருந்து ஒரு சிறு கயிறு. அதன் நுனியில் இருக்கும் கொக்கியை எப்போதும் படகில் மாட்டிக்கொண்டுதான் நடக்க வேண்டும். எனக்கு ஆயிரம் தடவை சொன்ன மனிதர். கம்பத்தைச் சுற்றி அந்தப் பக்கம் போவதற்காகக் கொக்கியை எடுத்தார். அதே நேரம் ஒரு விசைப்படகு பக்கத்தில் வேகமாகத் தாண்டிப் போனது. அதன் அலை வந்து எங்கள் படகைப் பக்கவாட்டில் தூக்கிப் போட்டது. நான் நிமிர்ந்து பார்க்கும்போது முன்பக்கம் காலியாக இருந்தது.

அதற்கான பாடத்தை அவர் எனக்கு முன்பே சொல்லித் தந்திருந்தார். முதலில் மிதவை வளையத்தை எறி. தண்ணீரில் இருக்கும் ஆளைவிட்டுக் கண்ணை எடுக்காதே. கண்ணை எடுத்தால் திரும்பக் கிடைக்க மாட்டான். வளையத்தை எறிந்தேன். அவர் அதைப் பிடித்துவிட்டதையும் பார்த்தேன். ஆனால் படகு போய்க்கொண்டே இருந்தது. அலைக்கு நடுவில் அவர் தலை ஒரு தேங்காய் அளவுக்குத் தெரிந்தது, மறைந்தது, மறுபடி தெரிந்தது. படகைத் திருப்பினேன். முதல் தடவை வேகம் குறையாமல் அவரைத் தாண்டிப் போய்விட்டேன். "மெதுவா! மெதுவா!" என்று அவர் கத்தியது காதில் விழுந்தது. இரண்டாவது தடவை அவருக்கு எட்டாத தூரத்திலேயே படகு நின்று பாய் படபடவென்று அடித்தது. அதற்குமேல் பாயை நம்பிப் பயனில்லை என்று இரண்டையும் கீழே இறக்கிக் குவித்தேன். கயிறு ஏதும் தண்ணீரில் தொங்குகிறதா என்று பார்த்துவிட்டு இன்ஜினைப் போட்டேன். மூன்றாவது தடவை ஏணிக்குப் பக்கத்தில் அவர் கை வந்தது. அந்தக் கையைப் பிடித்தபோது எவ்வளவு குளிர்ந்திருந்தது என்பது இன்னும் என் உள்ளங்கையில் இருக்கிறது. எல்லாம் சேர்ந்து இருபது நிமிடம் ஆகியிருக்கும். மேலே ஏறி உட்கார்ந்து தண்ணீரைத் துப்பிவிட்டு அவர் செய்த முதல் காரியம் சிரித்ததுதான். "மூணாவது ரவுண்டுல பாஸ் பண்ணிட்டியே டீச்சர்" என்றார். அடுப்பைப் பற்ற வைத்து அவரே டீ போட்டுக் கொடுத்தார். டம்ளரை என்னால் பிடிக்க முடியவில்லை.

அதன்பிறகு போன துறையிலெல்லாம் இதைக் கதையாகச் சொன்னார். நான் எப்படித் திருப்பினேன், எப்படிப் பாயை இறக்கினேன், என் தைரியம் எப்படிப்பட்டது என்று. மீன்பிடிக்கிறவர்கள் என்னை மரியாதையோடு பார்ப்பார்கள். என் வாழ்நாளில் அப்படி என்னைப் பற்றி யாரும் பெருமையாகப் பேசியது கிடையாது. அந்தப் பெருமைதான் என் வாயைக் கட்டியது. அவர் முன்பக்கம் எழுந்து நடக்கும் ஒவ்வொரு தடவையும் என் கண் அவர் இடுப்புக் கொக்கியையே தேடியது. இந்த மனிதரைக் கடல் ஒருநாள் எடுத்துக்கொள்ளும், அதை நான் சுக்கானைப் பிடித்துக்கொண்டு பார்ப்பேன் என்பது எனக்கு நிச்சயமாகத் தெரிந்துவிட்டது போல இருந்தது. பயமாக இருக்கிறது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. சொன்னாலும் அவர் பயத்துக்கு மருந்து வைத்திருப்பார்; இன்னொரு கயிறு கட்டுவார், இன்னொரு பெல்ட் வாங்குவார், இன்னொரு விதி எழுதி ஒட்டுவார். பயத்தோடு வாதாடலாம். வியாதியோடு வாதாட முடியாது.

வியாதி தானாகவே வந்தது. மாசியில் மங்களூர்த் துறையில் கட்டியிருந்தபோது ஒரு காலை எழுந்து உட்கார்ந்தேன். உலகம் முழுக்கத் திருகியது. ராட்டினத்தில் தலைகீழாகக் கட்டிப்போட்ட மாதிரி. இது பொய்யில்லை, மெய்யாகவே வந்தது. ரயிலில் என்னைக் கூட்டிக்கொண்டு வந்து தங்கை வீட்டில் விட்டுவிட்டு, படகைத் தனியாக விட முடியாது என்று அவர் திரும்பிப் போனார். பாளையங்கோட்டையில் ஒரு காது டாக்டரிடம் மூன்று தடவை போனேன். உள்காதில் இருக்கும் ஏதோ பொடி இடம் மாறிவிட்டது என்று சொல்லி, படுக்க வைத்துத் தலையை இப்படியும் அப்படியும் திருப்பினார். வீட்டில் செய்யவும் சொல்லிக் கொடுத்தார். மூன்றாம் தடவை போனபோது சுற்றல் சுத்தமாக இல்லை. "இனி நீங்க எங்க வேணும்னாலும் போகலாம்மா. போட்டுல போகலாமான்னு கேட்டீங்களே, அதுக்கும் போகலாம்" என்று அவர் சிரித்தார். நான் வெளியே வந்து ஒரு ஜூஸ் கடை நிழலில் நின்றேன். போன் அடித்தது.

"டாக்டர் என்ன சொன்னாரு?" என்றார் இவர். பின்னணியில் மங்களூர்த் துறையின் சத்தம்; ஐஸ் உடைக்கிறார்கள், யாரோ யாரையோ கூப்பிடுகிறார்கள்.

"இனிமே போட்டுப் பக்கமே போகக் கூடாதுன்னுட்டாருங்க" என்றேன். அந்த வாக்கியத்தை நான் முன்கூட்டி யோசித்து வைத்திருக்கவில்லை. ஆனால் வந்தபோது தடுக்கவும் இல்லை.

"எப்பவுமேவா?"

"எப்பவுமேதான். இது அடிக்கடி வரக்கூடிய சீக்காம். தீராதாம்."

"சரி, அப்பம் விட்டிருவோம்" என்றார். அவ்வளவுதான். வேறு டாக்டரிடம் கேட்போமா என்று கேட்கவில்லை. நான் தனியாகப் போகிறேன், நீ வீட்டில் இரு என்று சொல்லவில்லை. நான் அழுதேன். எனக்காக அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, "ஏட்டி, போட்டு என்ன பெரிய போட்டு, நீ இருக்கேல்லா" என்று சமாதானம் சொன்னார்.

மழைக்கு முன்னால் ஓர் ஆளைத் துணைக்கு வைத்துக்கொண்டு படகைக் கொச்சிக்குக் கொண்டுவந்து, அங்கே ஒரு டாக்டருக்கு விற்றார். தென்காசி வீட்டுக்கு இரண்டு பையோடும் படகுக் கயிற்றுச் சுருள் ஒன்றோடும் வந்தார். வந்த மறுநாளே துளைபோடும் மெஷினை வாங்கிக்கொண்டு வந்து சுவரில் வளையம் அடித்தார். பாக்கி இருந்த கயிறு குளியலறைக்குப் போனது.

அதன்பிறகு ஐந்து வருஷம் நான் நோயாளியாக வாழ்ந்தேன். அவர் வீட்டில் இருக்கும்போது கயிற்றைப் பிடித்து ஏறுவேன். அவர் மார்க்கெட்டுக்குப் போனதும் கையை வீசிக்கொண்டு ஏறுவேன். படியில் அவர் எப்போதும் எனக்கு ஒரு படி பின்னால் வருவார். விழுந்தால் தாங்க வேண்டுமாம். சாரல் காலத்தில் குற்றாலத்துக்குப் போவோம். சின்ன வயதிலிருந்தே அருவிப் பைத்தியம் நான். பேரருவியில் மூச்சு முட்ட நின்றுவிட்டு வந்தால்தான் எனக்கு ஆனி ஆடி கழியும். "பொம்பளைங்க பக்கம் நான் வரமுடியாது. அங்கன வச்சுத் தலைசுத்தி விழுந்தா யாரு பிடிப்பா?" என்று அவர் என்னை விடவில்லை. அவர் குளித்துவிட்டு வரும்வரை அவர் துண்டையும் சட்டையையும் மடியில் வைத்துக்கொண்டு கடைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். இது எனக்குக் கிடைத்த தண்டனை என்று நினைத்துக்கொள்வதில் ஓர் ஆறுதல் இருந்தது. அந்த ஆறுதலும் ஒரு ஏமாற்றுதான். என் தண்டனையால் அவருக்கு ஒன்றும் திரும்பி வரவில்லை.

கடலைப் பற்றி என் முன்னால் அவர் பேசுவதே இல்லை. எனக்காக விட்டதை நான் நினைத்து வருத்தப்படக் கூடாதாம். ஆனால் ஆடிக் காற்று கணவாய் வழியாக இறங்கி ஊரை அடிக்கத் தொடங்கினால் அவருக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. சாயங்காலமானால் பெரிய கோயிலுக்குக் கிளம்பிவிடுவார். அவ்வளவு பக்தி உள்ளவர் இல்லை. கோபுர வாசலில் காற்று ஆளைத் தள்ளும். எல்லாரும் சேலையையும் வேட்டியையும் பிடித்துக்கொண்டு ஓட்டமாக உள்ளே போவார்கள். ஒருநாள் காய்கறி வாங்கப் போன நான் அங்கே அவரைப் பார்த்தேன். வாசல் நடுவில் காலை அகட்டி வைத்து, முகத்தைக் காற்றுக்குக் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு நின்றிருந்தார். வழியில் நிற்கிறார் என்று ஒருவர் முணுமுணுத்துக்கொண்டு சுற்றிப் போனார். நான் அவர் பார்வையில் படாமல் திரும்பி வந்துவிட்டேன்.

நாலாவது வருஷம், படகை வாங்கிய கொச்சி டாக்டர் போன் செய்தார். கொச்சியிலிருந்து கோவா வரை பத்து நாள் போகப் போவதாகவும், படகைத் தெரிந்த ஆள் கூட இருந்தால் நல்லது என்றும் கூப்பிட்டார். அப்போது இவர் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். போனை வைத்துவிட்டு, "போகல. ஒன்னத் தனியா விட்டுட்டுப் பத்து நாளா? படியில விழுந்து கெடந்தா யாரு பாப்பா?" என்றார். "தங்கச்சி வீட்ல இருந்துக்கிடுதேன், போயிட்டு வாங்க" என்றேன். "அவ வீட்ல கயிறு கெடையாதுல்லா" என்றார். அன்று நான் சொல்லியிருக்கலாம். சமையல்கட்டில் நின்று இரண்டு தடவை வாயைத் திறந்தேன். முதல் பொய் பயத்தில் வந்தது. மன்னிக்க முடியாவிட்டாலும் புரிந்துகொள்ளவாவது முடியும். அன்று நான் வாயை மூடிக்கொண்டது என் முகத்தைக் காப்பாற்றிக்கொள்ள. ஊரில் எல்லாரும், "பொண்டாட்டிக்காகப் போட்டையே வித்தவரு" என்று அவரைச் சொல்வார்கள். அந்தப் பொண்டாட்டி எப்படிப்பட்டவள் என்று தெரிந்துவிடுமே என்ற பயம். கொச்சி டாக்டர் வேறு ஆளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டு வந்தார். போட்டோக்கள் அனுப்பினார். இவர் அவற்றை என் முன்னால் பார்க்கவில்லை.

அடுத்த வருஷம் அவருக்கு ஈரலில் கட்டி என்று தெரிந்தது. மருந்துகள் ஆளை உருக்கிவிட்டன. ஆனாலும் நான் துணி காயப்போட மாடிக்குப் போனால் பின்னால் எழுந்து வந்துவிடுவார். வேண்டாம் என்று சொன்னால் கேட்கமாட்டார். ஒரு மதியம் நான் மேல்படியை எட்டும்போது பின்னால் ஒரு சத்தம் கேட்டது. திரும்பினேன். அவர் கால் மடங்கிச் சுவரோடு சரிந்துகொண்டிருந்தார். துணிக்கூடையைப் போட்டுவிட்டு இரண்டிரண்டு படியாக இறங்கிப் பாய்ந்து அவரைப் பிடித்துவிட்டேன். பிடித்தபடியே படியில் உட்கார்ந்தோம். ஈரத்துணிகள் எங்களைத் தாண்டி உருண்டு கீழே போய்க் கிடந்தன.

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டு அவர் என்னைப் பார்த்தார். "கயித்தப் பிடிக்காம ஓடியாந்தியே. தலை சுத்தலையா?"

அடிபட்ட இடத்தைத் தேடுகிற மாதிரி அவர் முழங்காலையே பார்த்துக்கொண்டு சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். பாளையங்கோட்டை டாக்டர் உண்மையில் என்ன சொன்னார், ஜூஸ் கடை நிழலில் நின்று நான் என்ன சொன்னேன் என்பது வரை. முடித்தபின், "நான் ஒனக்காக விட்டேன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்றார். "அது ஒரு நல்ல நெனப்பாத்தான் இருந்துச்சு. அதையும் இப்பம் எடுத்துக்கிட்டியே."

என் பாரத்தை இறக்கி வைக்கிறேன் என்று நினைத்துத்தான் சொன்னேன். அதை யார் தலையில் இறக்கி வைக்கிறேன் என்று யோசிக்கவில்லை. அவரால் இனி ஒரு படகில் ஏற முடியாது என்பது இருவருக்கும் தெரிந்த பிறகு சொன்னேன். சொல்வதால் எனக்கு மட்டுமே நன்மை உண்டு என்ற நாளாகப் பார்த்துச் சொன்னேன்.

அன்றிலிருந்து அவர் படியில் என் பின்னால் வரவில்லை. சண்டை போடவில்லை, திட்டவும் இல்லை. கேட்டதற்குப் பதில் சொல்வார். மருந்து கொடுத்தால் வாங்கிக்கொள்வார். தங்கை வந்து, "அத்தான் ஏன் இப்படி ஒடுங்கிட்டாரு?" என்று கேட்டாள். மருந்து அப்படி என்றேன். அவரும் ஆமாம் என்று தலையாட்டினார். எனக்காக அவர் சொன்ன பொய் அது என்று எடுத்துக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்து ஒருநாள் காலை, வெயில் விழும் ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போடச் சொன்னார். நான் அவர் தலைக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது அவராகவே பேசினார். ஐந்து வருஷத்துக்குப் பிறகு கடலைப் பற்றி.

"அன்னைக்குத் தண்ணிக்குள்ள கெடந்து பாக்கேன், நீ போய்க்கிட்டே இருக்க. போட்டுக்குப் பின்பக்கம் மட்டும் தெரியுது. ரெண்டாவது தடவையும் விட்டுட்டியா, சரி முடிஞ்சுதுன்னு நெனச்சேன். எனக்கு அம்புட்டுப் பயம் வந்ததே கெடையாது."

"அப்பம் ஏங்க சிரிச்சிய?"

"நீ நடுங்கிக்கிட்டு இருந்தேல்லா. நானும் நடுங்கினா யாரு சுக்கானப் பிடிக்க?" நெற்றியில் வழிந்த எண்ணெயைத் துடைத்துக்கொண்டார். "அதுக்கப்புறம் நீயாச் சொல்லுவன்னு பாத்தேன். பயமா இருக்கு, போதும், வீட்டுக்குப் போவோம்னு. சொல்லியிருந்தா அன்னைக்கே கரைக்கு வந்திருப்பேன். நீ கெத்தா இருந்த. சரி, நம்மளும் கெத்தா இருப்போம்னு ஊர்பூராக் கதை சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்."

"சொல்லியிருந்தாலும் போட்டைத்தானே விட்டிருப்பிய" என்றேன். அவரிடம் ஒரு வழியைத் தேடினேன் என்று நினைக்கிறேன். எப்படியும் இதேதான் நடந்திருக்கும் என்று அவர் சொல்லிவிட மாட்டாரா என்று.

அவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். "கொஞ்ச நாளைக்கு விட்டிருப்போம். பயம்னா ஒருநாள் தெளியும்லா. ஒரு வருஷம் கழிச்சு, ரெண்டு வருஷம் கழிச்சுத் திரும்பப் போயிருப்போம். நீ தெளியாத சீக்கையல்லா சொல்லிட்ட."

அதில் கோபம் இல்லை. கணக்கில் எந்த வரியில் தப்பு என்று காட்டுகிற குரலில் சொன்னார். இருபது வருஷத்துக்கு மேல் பிள்ளைகளுக்கு நான் அப்படிக் காட்டியிருக்கிறேன். எண்ணெய்க் கையோடு நின்றுகொண்டிருந்தேன். "தேச்சு விடு, நிறுத்தாத" என்றார். தேய்த்துவிட்டேன். அதன்பிறகு எங்களுக்குள் அதைப் பற்றிப் பேச்சு வரவில்லை. கடைசி நாட்களில் என்னிடம் பழையபடி பேசினார். பேப்பூரில் சாப்பிட்ட மத்திக் குழம்பைப் பற்றிக்கூடப் பேசினார். மன்னித்தாரா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மன்னித்துவிட்டேன் என்றுதான் சொல்லியிருப்பார், அவர் அப்படிப்பட்டவர். அதனாலேயே கேட்கவில்லை. ஐப்பசி மழையில் போய்ச் சேர்ந்தார்.

வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் என் கையைப் பிடித்துக்கொண்டு அதையேதான் சொன்னார்கள்: உனக்காகப் படகையே விட்ட மகராசன். நான் அழுதேன், அவர்கள் தேற்றினார்கள். இனி இதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது, அவருடைய நல்ல பெயராவது அப்படியே இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டேன். யோசித்துப் பார்த்தால் அவர் பெயருக்கு இதில் ஒரு குறையும் வராது. அவர் உண்மையாகத்தான் விட்டார். நான் காப்பாற்றிக்கொண்டிருந்தது என் பெயரைத்தான், மறுபடியும்.

இந்த வருஷச் சாரலில் தங்கையும் அவள் மகளும் என்னைப் பழைய குற்றாலத்துக்கு வற்புறுத்திக் கூட்டிக்கொண்டு போனார்கள். தங்கை காருக்குப் பக்கத்திலேயே சுண்டல்காரனோடு பேரம் பேசிக்கொண்டு நின்றுவிட்டாள். நானும் அவள் மகளும் அருவிக்குப் போகும் படிகளில் ஏறினோம். எண்ணெயும் ஈரமுமாகப் படி வழுக்கியது. அவள் இரண்டு படி மேலே போய்த் திரும்பிக் கையை நீட்டினாள். பெரியப்பா இல்லாத குறையைத் தான் தீர்க்க வேண்டும் என்று நினைக்கிற பிள்ளை.

"பெரியம்மா, கையக் குடுங்க. தலைசுத்தி விழுந்துறாதீங்க."

"வேண்டாம்ட்டி. எனக்குத் தலைசுத்தல் கெடையாது" என்றேன்.

"எப்பம் சரியாச்சு?"

"பெரியப்பா போட்டை விக்கதுக்கு முன்னாலயே."

அவள் கை நீட்டியபடியே இருந்தது. ஈரத் தலையோடு இறங்கி வந்த பெண்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். நான் சொன்னது என்ன என்பது அவளுக்கு மெல்ல மெல்ல விளங்குவதை அவள் முகத்தில் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"பெரியப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியும். நான்தான் சொன்னேன். ரொம்பப் பிந்திச் சொன்னேன்."

அவள் கையை இறக்கிக்கொண்டாள். பிறகு என்னைப் பார்க்காமல் முன்னால் ஏறிப் போனாள். நான் எதையும் பிடிக்காமல் பின்னால் ஏறினேன்.